இளைத்துப்போன வண்டு

எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கும் அறைக்கு மூன்று பேர் பொறுப்பு: மாசிலாமணி, சடகோபன், வீரபாகு. தங்கமான மனுஷர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள், தொல்லையே அதுதான்.

அன்றைக்கு ஆராய்ச்சி மாணவி தெய்வானை, பொத்தான் அளவு அலுமினிய வில்லையில் எள்ளளவு வண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷம் காடெல்லாம் அலைந்து கிடைத்தது அது ஒன்றுதான். நாலு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். வண்டின் காலைப் படமெடுத்துக் காட்டாவிட்டால் பட்டம் கிடையாது.

"அண்ணே, கை படவே கூடாது. நல்லாக் காய வைங்க. காத்து துளிகூட இல்லாம உறிஞ்சிட்டு, கண்ணுக்கே தெரியாத அளவு தங்கம் பூசுங்க. பத்தாயிரம் மடங்கு பெருசாக்கிப் படம் எடுங்க. வண்டு பத்திரம்! அதைத் தேர்வாளர் கையில கொடுக்கணும்" என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு, அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாள்.

கை படக்கூடாதே! வீரபாகு செருப்பைக் கழற்றி, வில்லையைக் கால்விரலில் இடுக்கி, நொண்டியடித்தே மொட்டைமாடிக்கு ஏறினான்.

"எவ்வளவு நேரம் காயணும்?" என்று பின்னால் வந்த மாசிலாமணியைக் கேட்டான்.

"நமக்கு நாக்கு வறண்டதும் எடுத்துடலாம்" என்றார் மாசிலாமணி.

பம்ப் காற்றை உறிஞ்சியபோது ஃபேனை நிறுத்திவிட்டு, மூவரும் மூச்சையும் அடக்கிக்கொண்டார்கள். சடகோபனுக்குக் கண் பிதுங்கிவிட்டது, பாவம்.

தங்கம் பூசி முடிந்தது. "லேசாத் தெரியுதேண்ணே!" என்று பதறினான் சடகோபன்.

"கண்ணை மூடு. இப்பத் தெரியுதா?"

"இல்லண்ணே."

"அப்ப வேலை சுத்தம்."

வில்லையை மைக்ராஸ்கோப்பின் பெட்டிக்குள் வைத்துப் பெரிதாக்கினார்கள். திரையில் வண்டின் கால், பனைமரம் கணக்காக எழுந்து நின்றது.

"ஆத்தாடி! இதை எப்படி வாசல் வழியா வெளிய எடுக்கிறது?" என்று மலைத்தார் மாசிலாமணி.

"இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள எப்படிண்ணே இருக்கு?"

"மடங்கி உட்கார்ந்திருக்கும். இழுக்கிறப்போ கால் ஒடிஞ்சா அந்தப் பொண்ணு படிப்பே போச்சு. கடப்பாரையைக் கொண்டா!"

தெய்வானை தேர்வாளரோடு வந்தபோது கதவும் நிலையும் வராந்தாவில் கிடந்தன. அவள் உள்ளே ஓடித் திரையைப் பார்த்தாள். படம் அவ்வளவு துல்லியம். அழுதேவிட்டாள்.

"பிரமாதம்மா! வண்டு எங்கே?" என்றார் தேர்வாளர்.

அவள் பெட்டியைத் திறந்து, வில்லையை இடுக்கியால் எடுத்து நீட்டினாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ, எப்படி இருந்த வண்டு இப்படி இளைச்சுப்போச்சே! நாம மட்டும் மூக்குப்பிடிக்கத் தின்னோம், அதுக்கு ஒரு வாய் போட்டோமா?"

வீரபாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவில்லாத வாசல் வழியாகக் கேண்டீனுக்கு ஓடினான். ஐந்தே நிமிஷத்தில் வண்டுக்கு ஒரு மெதுவடையோடு திரும்பி வந்தான். கை படாமல், கால்விரலில் இடுக்கிக்கொண்டு, நொண்டியடித்தபடி.