விலகிய காரணம்

மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை மெல்ல அதிரும். பலகை இடுக்குகள் வழியாக வெள்ளைத் தூள் ஏறி வந்து, காகிதங்களின் மேலும் கணினியின் மேலும் அவசரமில்லாமல் படியும். உள்ளே இருப்பவர்கள் பனிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவார்கள்.

அங்கேதான் பல்கீஸ் டீச்சர் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பதுக்குள்தான். ஆனால் கப்பலில் பாதி உலகம் சுற்றியவர்கள்கூட அவர் முன்னால் வாய் திறக்க யோசிப்பார்கள். யார் கடிதத்தையும் பார்த்து இன்னொருவருக்கு எழுத மாட்டார். அவரவர் வேலையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை மட்டும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார்.

இருளப்பன் பதினோரு நாளாக வந்துகொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வளைகுடாவில் பதினான்கு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டியவர். மேலே கேபினில் இருப்பவனுக்குத் தரை சரியாகத் தெரியாது. கீழே நிற்பவன் கைதான் அவனுக்குக் கண். ஊர் திரும்பி நாலு வருடம் ஆகிறது.

முதலில் பஸ் ஸ்டாண்டு கடையில் ரெடிமேட் கடிதம் வாங்கிப் பதினேழு இடத்துக்கு அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பதினெட்டாவதை டீச்சர் படித்தார்.

"அண்ணே, பிரசவ வார்டுல ஆறு வருஷம் வேலை பாத்தீங்களா?"

"நானா?"

"இதுல அப்படித்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்திக் கொடுத்திருக்கான்."

இப்போது ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். இருளப்பனுக்கு ஐம்பத்தைந்து முடிய இன்னும் ஒன்பது நாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. இதை விட்டால் இனி விமானம் ஏற வழியில்லை.

படிவத்தின் அடியில் ‘முந்தைய வேலையிலிருந்து விலகிய காரணம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இருளப்பன் நாலு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

டீச்சர் பென்சிலால் அங்கங்கே சுழித்தபடி படித்து முடித்தார்.

"சவரிமுத்துங்கிற பேர் இருபத்திரண்டு தடவை வருது. உங்க பேர் ஒரே தடவை. படிக்கிறவன் சவரிமுத்துவுக்குத்தான் விசா அனுப்புவான்."

இருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிரேன் ஓட்டுனவன் அவன்தான டீச்சர்? நான் சைகையே காட்டலைன்னு மேனேஜர்கிட்டச் சாதிச்சு, என் வேலையைப் பறிச்சுட்டான். ஒரே ரூம்ல பன்னெண்டு வருஷம் என் கையால சோறு தின்ன பய. அதைச் சொல்லாம விட்டா, அவன் சொன்னது உண்மைன்னு ஆயிடாதா?"

"சொல்ல வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? முதல்ல வேலையைச் சொல்லுங்க. கண்ணை மூடுங்க. விடிஞ்சிருச்சு. சைட்டுக்கு வந்துட்டீங்க. என்ன செய்றீங்க?"

கீழே மில் ஓடத் தொடங்கியது. அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறியது. அது மில்லா, கிரேனா என்று இருளப்பனுக்குப் பிடிபடவில்லை. மணலும் பனியும் கலந்த ஒரு காலை. கடல் கண்ணில் படவில்லை, வாசனை மட்டும் வந்தது.

"சங்கிலியைத் தடவிப் பாக்கிறேன். ஒவ்வொரு கண்ணியா. விரிசல் இருந்தா கண்ணுக்கு முந்தி விரலுக்குத் தெரிஞ்சிரும்."

"அப்புறம்?"

"காத்தைப் பாக்கிறேன். சுமை போற வழியில எவனும் நிக்கிறானான்னு பாக்கிறேன். நின்னா அவன் அப்பன் பாட்டனையெல்லாம் இழுத்துத் திட்டுவேன். ஆனா பதினாலு வருஷத்துல என் கொக்கிக்குக் கீழ ஒருத்தனுக்கும் ஒரு கீறல் கிடையாது."

வலது கை தானாக எழுந்தது. சுட்டுவிரல் வானத்தைப் பார்த்துச் சுழன்றது. எங்கோ ஒரு குழாய்க்கட்டு இறகுபோல ஏறியது. விரல் தரையைப் பார்த்துச் சுழன்றது. அது ஆடாமல் இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக இரும்பெல்லாம் எடையில்லாமல் அந்த வெள்ளைக் காற்றில் மிதந்து போயின. இருளப்பனின் முகத்தில் சுருக்கங்கள் தளர்ந்தன. டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று குரல் மாறியது.

"அந்த நாள் வந்திருச்சு. காத்து திரும்புது. குழாய் சுத்துது. நான் நிறுத்தச் சொல்லிக் காட்டிட்டேன் டீச்சர். காட்டினேன். அவன் எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு இறக்கிட்டான். லாரி நசுங்கிருச்சு. நல்லவேளை, உள்ள ஆள் இல்லை."

"எப்படிக் காட்டினீங்க?"

இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்து, விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுகின.

பிரிண்டர் இரண்டு தாள்களைத் தள்ளியது. டீச்சர் அவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டினார். சங்கிலி இருந்தது. காற்று இருந்தது. கீறல் படாத ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். தன்னைப் பற்றித்தானா இது என்று இருளப்பன் காது கொடுத்துக் கேட்டார்.

"ரெண்டு இடம் காலியா விட்டிருக்கேன். விலகின காரணம், கையெழுத்து. ரெண்டும் உங்க கையாலதான் எழுதணும். அந்த நாலு தாளையும் சேத்து அனுப்பணும்னாலும் சரி, அனுப்பிருவோம்."

இருளப்பன் கண்ணைத் திறந்தார். சுவரில் மணி நாலே முக்கால். மேசையில் பேனா இருந்தது. கோத்த விரல்கள் கோத்தபடியே இருந்தன.

"இப்படிக் கையைக் கோத்தா என்ன அர்த்தம் அண்ணே?"

"எல்லாம் அப்படியே நிக்கணும். ஓர் அங்குலம் அசையக் கூடாது."

"சுமை?"

"அந்தரத்துல தொங்கும்."

"மேல இருக்கிறவன்?"

"என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"நீங்க?"

"நானும் நகர முடியாது. அடுத்த சைகை காட்டுற வரைக்கும் இப்படியேதான் நிக்கணும்."

"அதை யார் காட்டணும்?"

"நான்தான்."

கீழே மில் நின்றது. அந்தரத்தில் நின்ற மாவுத் தூள் மெல்லக் கீழே இறங்கியது. டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அந்தக் கையைப் பிரிக்காம, பேனாவை எப்படிண்ணே பிடிப்பீங்க?"