விளக்குத் துலக்கிய நாச்சியார்

இலந்தைவனநாதர் கோயிலில் புளியும் சாம்பலும் கொண்டு விளக்குத் துலக்குவதே வடிவுடைநாச்சியாரின் திருப்பணி. பாளையக்காரருக்குத் தம்பி மகள்தான். ஆனால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அரண்மனையில் என்ன பெரிய இடம் இருந்துவிடப் போகிறது? பின்கட்டில் ஓர் அறை, மிஞ்சிய சோறு, அவ்வளவுதான்.

"அரமனைப் பொண்ணு கரிச்சட்டி கணக்கா வருது பாரு" என்று பணிப்பெண்களே சிரிப்பார்கள். அம்மையார் கரிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த முந்தானை வெளுத்து யாரும் பார்த்ததில்லை.

பாளையக்காரர் பிள்ளையில்லாமல் கண்மூடினார். பட்டத்துக்கு உரியவர் கடைசித் தம்பி முத்துவிசயர். அவர் வந்தால் தன் தலை தப்பாது என்று மந்திரியாக இருந்த பிரதானி திருமேனிப் பிள்ளைக்குப் பயம். நாச்சியாருக்குப் பட்டம் கட்டிவிட நேரே கோயிலுக்கு வந்தார். அந்த ஊரில் சுவாமி மேல் கிடந்த பரிவட்டத் துணியைக் குருக்கள் யார் தலையில் கட்டுகிறாரோ அவரே ஆள்பவர். அவர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவருக்குக் கட்டும் வழக்கம் இல்லை.

"எனக்கு வேண்டாம் ஐயா. சித்தப்பா இருக்காகளே."

"சும்மா நில்லு தாயி" என்றார் பிரதானி.

கட்டினார்கள். அம்மையாருக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மரத்துப்போய் நின்றார். பிறகு பரிவட்டத்தோடு போய் மிச்ச விளக்குகளைத் துலக்கினார். ராணியம்மா செய்த ராஜகாரியம் அது ஒன்றுதான் என்று ஊர் கேலி பேசிற்று. பேசட்டும், ஊருக்கு வேறென்ன வேலை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. முத்துவிசயர் படையோடு வந்தார். பிரதானி ஓடிவிட்டார். கோயிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் முத்துவிசயர். அம்மையாரை நெல்லறையில் அடைத்தார்கள். அங்கே அவரே வந்தார்.

"நீ எங்க அண்ணன் மக. உன்னக் கொல்ல எனக்கு ஆசையா? சன்னதியில கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணி, அது சாமி குடுத்ததில்ல, பிரதானி திருடிக் கட்டினதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. பொழச்சுப் போ."

"நாட்ட எடுத்துக்கங்க சித்தப்பா. அது எனக்கு எதுக்கு. ஆனா அவரு மேல கெடந்த துணி என் தலைக்கு வந்துச்சு. வரலன்னு அவரு முன்னாடியே எப்படிச் சொல்ல?"

"சொல்லலன்னா செத்துருவ."

"சரி சித்தப்பா." அவர் கதவருகே போனதும் அம்மையார் கேட்டார்: "கோயிலப் பூட்டிட்டீகளாமே. வெளக்கெல்லாம் கரியேறிக் கெடக்கும். ஒரு தடவ தொலக்கிட்டு வந்துரட்டுமா?"

அவர் விடவில்லை.

மறுநாள் காலையில் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தபோதும் அம்மையார் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் எதையோ துலக்குவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

அன்றே பட்டம் கட்டிக்கொள்ள முத்துவிசயர் தம் கையாலேயே கோயிலைத் திறந்தார். உள்ளே விளக்குகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. புளித்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குருக்கள் சன்னதிக்குள் போய் அப்படியே நின்றுவிட்டார். சுவாமியின் வெள்ளை வஸ்திரத்து ஓரத்தில், கரிக்கையைத் துடைத்த தடம்.

முத்துவிசயர் பரிவட்டத்தைக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டாளே. நான் விடலயே" என்றார்.

பிறகு அவர் ஆண்ட காலமெல்லாம் வெறுந்தலையோடுதான் ஆண்டார். அம்மையார் கேட்ட ஒரே வேலையை மனிதர் மறுத்தார்கள். ஆண்டவன் அதைத் தன் கையால் செய்து முடித்தான். அந்தக் கரி படிந்த முந்தானைக்கு நம் வணக்கம்.