எல்லைக்கல்லோடு நின்ற வாய்க்கால்

"கல்லு நிக்க மாட்டேங்குதுங்கம்மா," என்றான் செங்கோடன்.

மலைச்சரிவில் இருந்த அந்த மடத்துக்கு அவன் துறவியாக வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மழைத்தண்ணீர் மண்ணை அரித்து, மடத்தின் சாமைக்காட்டில் பாதியைத் தின்றிருந்தது. மிச்சப் பாதிதான் மடத்துக்குச் சோறு. அதைக் காப்பாற்றக் காட்டோரமாகக் கல் பதித்து வாய்க்கால் கட்டினான். வேலையில் குறை சொல்ல முடியாது. எறும்பு நுழைய இடம் விடமாட்டான் மனுஷன்.

அப்படியும் மழைக்கு மழை கல் பெயர்ந்தது.

மடத்துத் தலைவி குருவம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்து பெயருது?"

"கீழ்க்கோடியிலிருந்துங்க. அங்க பள்ளம் விழுந்து, அப்படியே மேல ஏறி வருது. அடுத்த மழைக்கு நம்ம காட்டுக்குள்ள வந்துரும்."

"கீழ்க்கோடி எது?"

"நம்ம எல்லைக்கல்லுங்க."

"அதுக்கு அந்தப் பக்கம்?"



அந்தப் பக்கம் செங்கோடனின் தம்பி ராக்கியப்பனின் கடலைக்காடு. பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. துறவியானபோது தலையை மழித்தான், வீம்பை மழிக்கவில்லை. வாய்க்காலை எல்லைக்கல்லோடு வெட்டினாற்போல் நிறுத்தியிருந்தான். தண்ணீர் அங்கே போய் விழுவதில் உள்ளூர ஒரு திருப்தி வேறு.

"அவன் நிலத்துல நான் எதுக்குங்க கல்லுப் போடணும்?"

குருவம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். கடப்பாரையை எடுத்தார். மடத்தின் வாசற்படிக் கல்லை நெம்பினார்.

"அம்மா, அது வாசப்படி!"

"அந்த முனையைப் பிடி."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இளைக்க இளைக்கத் தூக்கிப் போனார்கள். எல்லைக்கல்லருகே குருவம்மா தன் பக்கத்தை இறக்கினார்.

"எனக்கு இடுப்பு வலிக்குது. இனி நீ பாத்துக்க."

"ஒத்தை ஆள் தூக்குற கல்லா இதுங்கம்மா?"

"இல்லைதான்," என்றார். திரும்பி நடந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் ராக்கியப்பன் குனிந்து, வேரோடு சாய்ந்த கடலைச்செடிகளை மறுபடி மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தான். பாதி வரிசைகளைக் காணவில்லை. செங்கோடனுக்கு வெட்கமாக இருந்தது.

மேற்கே மேகம் கட்டியிருந்தது.

"தம்பி," என்றான். "இதை ஒரு கை பிடிக்கறயா?"

ராக்கியப்பன் நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்தான். மடத்து வாசப்படிக் கல்லைப் பார்த்தான். கைமண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஏறி வந்தான்.

"ஒரு கல்லு பத்தாதுங்ணா. எங்க வீட்டுப் படியும் இருக்குது."