வெயிலுமுத்து வைத்த விருந்து

ஓடைக்கரைச் சாமியைவிட அவருடைய சீடர் வெயிலுமுத்துவுக்குப் பத்து வயசு கூடுதல். ரெண்டு ஏக்கர் கரிசல் வைத்திருந்தார். ரெண்டு வருஷமாக மழை தப்பி மக்காச்சோளம் கருகிப்போயிற்று. ஆனாலும் மனுஷர் மீசையில் மண் ஒட்டவில்லை என்றுதான் திரிந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவி பேச்சித்தாய் நூல் மில்லில் வாங்கிய சம்பளத்தில்.

ஒரு திங்கட்கிழமை சாமி முன்னால் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னார். மில் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறதாம். தெருவே வேடிக்கை பார்க்கிறதாம். தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லையாம்.

"சொந்தமா வெள்ளாமை பண்ற சம்சாரி வீட்டுப் பொம்பளை கூலிக்குப் போகலாமா சாமி? நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுருவா."

அது மெய்தான். சாமி சொல்லை அவள் தட்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினார் சாமி.

அன்றைக்கு மில் லீவு. பேச்சித்தாய் விடிய எழுந்து சமைத்தாள். சோறு, பருப்பு, கத்திரிக்காய்க் கூட்டு, அப்பளம். சாமி கை நனைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மூன்று பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

சோற்றுக் கரண்டி இலைக்கு வந்தபோது சாமி கையை நீட்டி மறித்தார். வெயிலுமுத்துவைப் பார்த்துச் சொன்னார்:

"உம்ம நிலத்துல விளைஞ்சதை மட்டும் வையும்."

வெயிலுமுத்து சிரித்தார். பிறகு தானியக் குலுக்கைக்குள் கையை விட்டுத் துழாவினார். பானைகளை உருட்டினார். வெகுநேரம் கழித்து ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார். வரப்போரத்துச் செடியில் காய்த்த மிளகாய் வத்தல், எட்டு இருந்தது.

கடைசிப் பிள்ளை சோறு கேட்டு அழ ஆரம்பித்தது. பாவி மனுஷருக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. இந்த வருஷம் மழை வரும், வீடு கொள்ளாமல் அள்ளுவேன் என்றார்.

சாமி ஒரு வத்தலைக் கடித்து மென்றார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. நிறுத்தவில்லை. எட்டையும் தின்று முடித்துவிட்டு இலையை மடித்தார்.

"பேச்சித்தாயி, சோத்துப் பானையை மூடு. நாளையிலயிருந்து மில்லுக்குப் போகாத."

அவள் மூடினாள். சாமி எழுந்து வெயிலுமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக பசியா இருக்கு. பரிமாறும்."