அழுகைச் சுழி

அந்தக் காலத்தில், குதிரைக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, உப்பங்கழிக் கரையில் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. மாங்கிளி என்ற பெட்டைக்குதிரை தன் மூன்றாவது குட்டியை ஈன்ற அன்று அங்கே கூடியிருந்தவர்கள் இவ்வளவு பேர்: பண்ணைக்கு உடையவரான திருவேகம்பர். குட்டிகளின் மேனியில் மயிர்ச் சுழி பார்த்துப் பலன் சொல்லும் வயிரவர். குதிரைக்காரன் முத்திருளன். வெந்நீர்ப் பானையோடு அவன் மனைவி செம்பி. கப்பலில் வந்து இறங்கிய பொலிகுதிரை கடலோடி. பிறக்கப்போகும் குட்டிக்குத் தகப்பன் அதுதான். ஓட்டக்குதிரைக் கொட்டடியிலிருந்து சினைக்குதிரைகள் ஆறு. பாரவண்டிக் கொட்டடியிலிருந்து சினைக்குதிரைகள் மூன்று. அவற்றில் ஒன்று கல்லி, வாய் ஓயாதது. நடுவில் மாங்கிளி. ஒரு காகமும் இருந்தது. ஆனால் அது வருவதும் போவதுமாக இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக மனிதர் நான்கு, குதிரை பதினொன்று.

அந்த நாளில் குதிரைகள் பகல் வெளிச்சத்தில், முற்றத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கத்தான் ஈனும். உதவிக்குக் கை வேண்டும், சாட்சிக்குக் கண் வேண்டும் என்பது வழக்கம். வலி எடுத்ததும் பெட்டை தன் வம்சத்தைச் சொல்ல வேண்டும். தாய் யார், தகப்பன் யார், தகப்பனைப் பெற்றது யார் என்று ஏழு தலைமுறை. குதிரைக்குப் பொய் வராது. அதனால் வம்சத்தை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மாங்கிளி நாலாவது தலைமுறையில் மூச்சு வாங்கி நின்றது.

"ஏழையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குட்டிக்குப் பல்லு முளைச்சிரும்," என்றது கல்லி. "எங்க வம்சத்தைக் கேளுங்க. எங்கம்மா செக்கு மரம் இழுத்தா. அவ அம்மா தேர் மரம் இழுத்தா. அதுக்கு மேல ஞாபகம் இல்ல. ஒரே மூச்சு, முடிஞ்சுபோச்சு!"

செம்பி சிரித்துவிட்டாள். கடலோடிகூட மூக்கால் ஒரு சத்தம் போட்டது. வயிரவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. குட்டி விழுந்ததும் தாய் அதை ஒரே ஒரு முறை நக்கலாம். உடனே வயிரவர் குனிந்து சுழி பார்ப்பார். நெற்றியில் சுழி இருந்தால் நல்லது. கழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழியும் இடத்தில் இருந்தால் அது அழுகைச் சுழி. அந்தக் குதிரை நிற்கும் வீட்டில் அழுகை ஓயாது என்று நம்பினார்கள். அப்படிப்பட்ட குட்டியைப் பால் குடிக்கவிடாமல் சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, கழியின் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டு வருவார்கள். தண்ணீர் ஏறும்போது அது போய்விடும். கொல்வது என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. கழிக்கு விடுவது என்பார்கள்.

மாங்கிளியின் முதல் குட்டிக்கு அழுகைச் சுழி. இரண்டாவதற்கும் அதுதான்.

"மூணாவதும் அப்படின்னா அதோட நிப்பாட்டிருவோம்," என்று திருவேகம்பர் காலையிலேயே சொல்லியிருந்தார். "இனிமே அவளுக்குப் பொலி சேர்க்க வேண்டாம். மத்ததுங்க வம்சம் சொல்றப்ப அவ பேரை வாயில எடுக்க வேண்டாம். அந்தக் கிளை பட்டுப்போச்சுன்னு வச்சுக்குவோம்."

வயிரவர் சரி என்றார். மாங்கிளியைக் குட்டியாக இருந்தபோது சுழி பார்த்ததும் அவர்தான். நெற்றி நடுவே அழகான ஒற்றைச் சுழி.

ஈற்று கடினமாக இருந்தது. வலி தாங்காமல் மாங்கிளி காலை உதறியதில் அதன் குளம்பு முத்திருளனின் பாதத்தில் இறங்கியது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குட்டியின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. வயிரவர் முழங்கை வரை எண்ணெய் தடவிக் கையை உள்ளே விட்டு, அந்தக் காலை நிமிர்த்தி, வலி வரும்போதெல்லாம் இழுத்து, வலி விடும்போது இழுப்பதை நிறுத்தி, குட்டியை வெளியே கொண்டுவந்தார். சுழி பார்ப்பதில் எப்படியோ, இந்த வேலையில் அவர் கைக்கு நிகரான கை அந்தக் கரையில் இல்லை.

பெண்குட்டி. செவலை நிறம். மாங்கிளி தலையைத் திருப்பி, நடுங்கிக்கொண்டே, அதன் இடது கண்ணுக்குக் கீழே ஒரு முறை நக்கியது.

வயிரவர் குனிந்தார். பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"என்ன வயிரவரே?" என்றார் திருவேகம்பர்.

"இருக்குதுங்க."

"அண்ணே," என்றது மாங்கிளி, படுத்தபடியே. "இன்னொரு தடவை பாருங்க அண்ணே."

"பார்த்துட்டேம்மா."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். இந்தப் பக்கம் வந்து பாருங்க."

அவர் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். ஈர மயிரில் சுழி சுற்றிக்கொண்டு தெளிவாக நின்றது. தலையை அசைத்தார். திருவேகம்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கழிக்கு வண்டி ஓட்டுவது முத்திருளன் வேலை. அன்று அவனால் காலை ஊன்ற முடியவில்லை. வயிரவர் தாமே கல்லியை வண்டியில் பூட்டி, சாக்கைப் பின்னால் கிடத்தி, ஓட்டிக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் முறை.

கடற்காற்று வீசியது. வெயில் முதுகில் உறைத்தது. பாதி வழியில் சாக்கின் கட்டு அவிழ்ந்து, குட்டி தலையை வெளியே நீட்டியது. பிறகு முன்னங்கால். பிறகு எல்லாக் கால்களும். வண்டிப் பலகையில் சாய்ந்துகொண்டு எழுந்து நின்றது.

"பால் எங்கே?" என்று கேட்டது.

வயிரவர் திரும்பிப் பார்த்தார். குட்டியின் மேனி காற்றில் காய்ந்து பஞ்சு போல இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே மயிர் நேராக, ஒரே சீராக, கீழ்நோக்கிப் படிந்திருந்தது. சுழி இல்லை.

வண்டியை நிறுத்தினார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்தார். நாக்கு போகும் வாக்கில் அந்த இடத்தில் ஒரு முறை வழித்தார். சுழி வந்தது. வாயால் ஊதினார். ஈரம் உலர்ந்தது. சுழி போனது. மறுபடி நனைத்து வழித்தார். வந்தது. ஊதினார். போனது.

"என்ன சுழிக்காரரே, நிப்பாட்டிட்டீங்க?" என்றது முன்னாலிருந்து கல்லி, அவர் விரல் வாய்க்குப் போய் வருவதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு. குட்டியை அவர் உடம்பு மறைத்தது.

"ஒண்ணுமில்ல."

"குட்டி என்ன பண்ணுது?"

"நிக்குது."

"நிக்கட்டும், நிக்கட்டும். நின்னு ஊரைப் பார்க்கட்டும்," என்றது கல்லி. அதன் குரலில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. அதன் வயிற்றிலும் ஒன்று கிடந்தது.

வயிரவர் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் கழிக்கு அனுப்பியவை முப்பத்தொன்று. அவருக்கு அந்த எண்ணிக்கை மறந்ததே இல்லை. ஒவ்வொன்றும் ஈரத்தோடு போனது. ஒன்றையும் அவர் காய்ந்தபின் பார்த்ததில்லை. நெற்றியை நக்கிய தாய்களின் குட்டிகளுக்கு நல்ல சுழி. காதை நக்கியவற்றின் குட்டிகளுக்குக் குறை இல்லை. மாங்கிளிக்கு முதலில் கண்ணுக்குக் கீழே நக்கித்தான் பழக்கம்.

திரும்பிப் போனால் இந்த ஒன்று பிழைக்கும். ஆனால் அந்த முப்பத்தொன்றும் இன்றைக்குத்தான் சாகும். அவற்றின் தாய்கள் பண்ணையில் இன்னும் நிற்கின்றன. காலையில் அவர் தண்ணீர் காட்டப் போகும்போது ஒவ்வொன்றும் வாயைத் திறந்து கேட்கும்.

"பால் எங்கே?" என்றது குட்டி மறுபடியும்.

அவர் கல்லியைத் தட்டினார். வண்டி நகர்ந்தது.

சேற்றுத் திட்டில் குட்டியை இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார். திரும்பும்போது கல்லியின் முகமும் குட்டியின் முகமும் நேருக்கு நேர் வந்தன. கல்லி நின்றுவிட்டது.

"சுழிக்காரரே. அது முகத்துல ஒண்ணுமே இல்லியே?"

"நட."

"இல்லய்யா, நான் கிட்டத்துல பார்க்கிறேன். சும்மா வழவழன்னு இருக்கு. நீங்க எச்சில் தொட்டுத் தொட்டு என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"நடன்னு சொன்னேன்ல!"

அவர் அதை அடித்தார். அதற்கு முன் எந்தக் குதிரையையும் அவர் அடித்ததில்லை. கல்லி நடந்தது. குட்டி கொஞ்ச தூரம் பின்னால் வந்தது. பிறகு சேறு அதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

பொழுது சாய்ந்ததும் கொட்டடிகளில் கல்லி சொன்னது. எல்லாவற்றையும் சொன்னது: காற்று, எச்சில், கட்டைவிரல், கடைசியில் தான் கண்டது. தண்ணீர் காட்ட வந்த வயிரவர் வாசலில் வாளியோடு நின்றுவிட்டார். ஒரு குதிரையும் அவரைத் திட்டவில்லை. மாங்கிளி மட்டும் அவர் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டது:

"நக்கினது நான்தானே அண்ணே?"

அந்தக் கரையில் குதிரை பேசிய கடைசிப் பேச்சு அது.

மறுநாள் செம்பி புல் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "கல்லி, என்னடி உடம்புக்கு? எதாச்சும் சொல்லேன். என்னை நாலு திட்டாவது திட்டேன்!" கல்லி புல்லைத் தின்றது. அவ்வளவுதான்.

பருவம் வந்தது. சினையாக இருந்த ஒன்பதும் மாதம் நிறைந்து நின்றன. முதல் பெட்டைக்கு மடியில் பால் துளிர்த்ததும் வயிரவரும் செம்பியும் பக்கத்திலேயே காவல் இருந்தார்கள். அது நின்றுகொண்டே இருந்தது. வயிறு இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது. ஈனவில்லை. வம்சமும் சொல்லவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இருவரும் ஒரு வாய் கஞ்சி குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது குட்டி விழுந்து, எழுந்து, தாய் மடியைக் கண்டுபிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு மயிர்கூட ஈரம் இல்லை.

"அட, கஞ்சி ஆறுறதுக்குள்ளயா!" என்றாள் செம்பி. அவளுக்குச் சந்தோஷம். வயிரவர் குட்டியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் கல்லியின் முறை வந்தது. விடியும்போதே வலி எடுத்துவிட்டது. அகன்ற தோள் கொண்ட பெரிய குட்டி. வெளியிலிருந்து பார்க்கும்போதே கால் மடங்கிக் கிடப்பது வயிரவருக்குத் தெரிந்தது. மாங்கிளிக்கு இருந்தது போலவேதான். கையை உள்ளே விட்டு நிமிர்த்தினால் முடிந்துவிடும்.

அவர் எண்ணெயோடு கொட்டடிக்குள் போனார். படுத்திருந்த கல்லி எழுந்து நின்றது. வலியை அடக்கிக்கொண்டது. வெளியே வந்தார். படுத்து முக்கியது. மறுபடி போனார். மறுபடி எழுந்து நின்றது.

"ஒரே ஒரு தடவை கையை விட விடு," என்றார். "சுழி பார்க்க மாட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டு வர்றேன். செம்பி, என் கண்ணைக் கட்டு."

செம்பி முந்தானையால் அவர் கண்ணைக் கட்டினாள். தடவித் தடவி உள்ளே போனார். வைக்கோலில் கல்லி எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"கல்லி, திட்டவாவது செய். சுழிக்காரரேன்னு ஒரு தடவை கூப்பிடு."

அது மூச்சு விடும் சத்தம்தான் வந்தது.

திருவேகம்பர் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வெளியில வாங்க வயிரவரே. நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் அது படுக்காது. படுக்காட்டி ரெண்டும் போயிரும்."

அவர் வெளியே வந்து, மதிலில் முதுகைச் சாய்த்து, எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். உள்ளே முக்கும் சத்தம் உச்சிப்பொழுதுவரை கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. வெயில் மேற்கே இறங்கும் முன் நின்றுபோனது. யாரும் கூப்பிடாமலே அவர் எழுந்து உள்ளே போனார். இந்த முறை கல்லி எழுந்திருக்கவில்லை. அவர் கையை விட்டு, மடங்கியிருந்த காலை நிமிர்த்தி, குட்டியை வெளியே எடுத்தார். இரண்டில் ஒன்றிலும் சூடு இல்லை. தம் துண்டால் குட்டியைத் துடைத்தார். நன்றாகக் காயும்வரை துடைத்தார்.

அன்று முதல்தான் பெட்டைக்குதிரை மனிதக் கண் படும் இடத்தில் ஈனுவதில்லை. பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைகளில் இன்றைக்கும் காவல் இருக்கிற ஆள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் குட்டி காய்ந்து எழுந்து நிற்கும், வம்சத்தை மனிதன்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே குட்டியின் கால் மடங்கினால் பெரும்பாலும் நிமிர்த்த ஆள் இருக்காது. வயிரவர் மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த முதல் பருவத்தில், சினையாக இருந்த ஒன்பதில் குட்டியோடு எழுந்து நின்றவை ஐந்து. அந்த ஐந்து குட்டிகளில் ஒன்றுக்கும் அழுகைச் சுழி இல்லை.