வெயில் தாள், நிலாத் தாள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்து மூன்று. சீடருக்கு அறுபத்தாறு.

குரு ஜெசிந்தா, தூத்துக்குடியில் ஒரு மாடியில் கேம் சென்டர் நடத்துகிறவள். சீடர் மாசிலாமணி, நிலம் அளந்தே தலை நரைத்த சர்வேயர். மகன் ரூபன் அரசாங்க வேலையை உதறிவிட்டு வீடியோ கேம் செய்யும் கம்பெனிக்குப் போனபோது, "நீ போறது தப்பு" என்றார். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் கழித்து, போன வாரம், அவன் தான் செய்த விளையாட்டை அனுப்பி, கூடவே இரண்டு வரி எழுதியிருந்தான்: 'ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலருந்து கேமுக்குள்ள லைட்ஹவுஸ் அடியில நிப்பேன். அஞ்சு மணி வரைக்கும்.'

அதை விளையாடக் கற்றுக்கொள்ளத்தான் மாசிலாமணி ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார். இன்று ஞாயிறு. மணி நாலே முக்கால்.

அந்த விளையாட்டில் ஒரே ஊர் இரண்டு உலகமாக இருக்கிறது. ஒன்று வெயில் உலகம், மற்றது நிலா உலகம். பொத்தானை அழுத்தினால், நிற்கிற இடத்திலேயே உலகம் மாறிவிடும்.

"டீச்சர், இந்த கேம் ஊர்ல லைட்ஹவுஸே கிடையாது," என்றார் மாசிலாமணி. "ஒரு வாரமா நடந்துட்டேன். ஒரு முள்ளுச்செடி விடல."

"எந்த உலகத்துல நடந்தீங்க சார்?"

"வெயில்லதான். அதுதான் ஒழுங்கா இருக்கு."

"நிலா?"

"ஒரே ஒரு சுத்து சுத்தினேன். வயக்காட்டுல கடல் நிக்குது, கோயில் இருக்க வேண்டிய இடத்துல உப்பளம். எந்தப் பய வரைஞ்சானோ!"

"உங்க மகன்தான் வரைஞ்சாரு."

மாசிலாமணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு உலகத்துக்கும் வரைபடம் போட்டீங்கல்ல? எடுங்க."

பையிலிருந்து இரண்டு டிரேசிங் தாள் வந்தது. வெயிலுக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று. ஜெசிந்தா ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து தெரிந்தன. நிலா ஊர் முழுக்கச் சிவப்புக் கோடு.

"இதெல்லாம் என்ன சார்?"

"ரெண்டு அளவு ஒத்து வரலைன்னா ஒண்ணு தப்பு. தப்பு மேல சிவப்புக் கோடு போட்டுரணும். நாப்பது வருஷப் பழக்கம்."

அவள் விரல் வடக்கு மூலையில் போய் நின்றது. வெயில் தாளில் அங்கே ஒரு பாழுங்கிணறு. அதே புள்ளியில், நிலாத் தாளில், சிவப்புக்கு அடியில் பென்சிலால் ஒரு வட்டம்.

"இது?"

"அது ஏதோ கட்டடத்தோட அடிப்பாகம். கிணறு இருக்கிற இடத்துல கட்டடம் எப்படி வரும்? நிமிர்ந்துகூடப் பாக்கல, கோட்டைப் போட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. பாய்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் அவருடைய குட்டி மனிதன் மணல்மேடு தாண்டி ஓடினான், கிணற்றடியில் மூச்சு வாங்கி நின்றான். பொத்தான் மேல் விரலை வைத்தவர், அழுத்தாமல் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. இந்த ரெண்டு உலகத்துல எது சரி?"

"உங்க மகன்கிட்டயே கேளுங்க சார். நீங்க தப்புன்னு கோடு போட்ட இடத்துலதான் மத்தியானத்துலருந்து நிக்கிறாரு."