கறுப்புத் திரையின் சிறு கோடு

அந்தக் காலத்தில் மிருகங்களும் மரங்களும் பேசி ஓய்ந்திருந்தன, கணினிகள் பேசிக்கொண்டிருந்தன. புதிய திரைகள் முடுக்கிய கணமே வண்ணத்தில் விழித்துக்கொள்ளும். கறுப்பில் வெள்ளை எழுத்து என்பதெல்லாம் பழைய மானிட்டர்களோடு தொலைந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சிப்பிக்கரை என்ற மீனவர் ஊரில் ஒரு வயர்லெஸ் அறை இருந்தது. அங்கே வேலை பார்த்தவள் ரெஜினாள். கடலில் எந்த வள்ளம் எங்கே நிற்கிறது என்பது அவளுடைய கணினிப் பெட்டிக்குத் தெரியும். அதைத் திரையில் பார்த்து, வழி தவறியவர்களுக்குக் கரை இருக்கும் திசையை வயர்லெஸில் சொல்வாள். அவளுடைய ஒரே தம்பி கஸ்பாரும் கடலுக்குப் போகிறவன்தான்.

பெட்டியின் முதுகில் திரையின் வயரைச் செருக இரண்டு வாய்கள். நீல வாய்க்குப் பதினைந்து துளைகள். வயரைச் செருகி இரண்டு பக்கமும் திருகாணியை முறுக்க வேண்டும். மற்றது புதிதாக வந்த ஒல்லி வாய், செருகினால் போதும். ரெஜினாளுக்கு ஒல்லி வாய்தான் பிடிக்கும். திருகாணி முறுக்கி எத்தனை நகம் உடைந்திருக்கிறது! அதில் மாட்டிய புதுத்திரை கடலை நீலமாகவும் வள்ளங்களைச் சிவப்புப் புள்ளிகளாகவும் காட்டியபோது அவள் சொக்கிப்போனாள். நீல வாயில் மாட்டியிருந்த பழைய மானிட்டரைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"தள்ளுறதைத் தள்ளு மகளே, ஆனா அந்த நீல வாயைத் திறந்தே வை" என்றது பழைய மானிட்டர்.

கடற்கரை ஊரில் எதையும் திறந்து வைக்க முடியுமா? உப்புக்காற்று ஒரே மாதத்தில் இரும்பைத் தின்றுவிடும். ரெஜினாள் கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி அந்தப் பதினைந்து துளைகளையும் பத்திரமாக அடைத்துவிட்டாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்ததும் எட்டு வள்ளங்கள் கடலுக்குப் போயின. அக்காளுக்குப் புட்டு கொடுத்துவிட்டுப் போனதால் கஸ்பார்தான் கடைசி. நடுப்பகலில் வானம் இருண்டது. காற்று சுழன்று அடித்தது, மழை கரையை மறைத்தது. அறைக்குப் பக்கத்தில் இடி விழுந்து கரண்ட் போனது. ரெஜினாள் ஜெனரேட்டரை ஓடவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குத்தான் டீசல் இருந்தது.

"அக்கா, கரை எந்தப் பக்கம்? ஒண்ணுமே தெரியல" என்று வயர்லெஸில் ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பெட்டி எழுந்தது. ஆனால் வண்ணம் குழைக்கிற அதன் உறுப்பு இடியில் கருகிப்போயிருந்தது. "என்னால வெறும் எழுத்துதான் முடியும்" என்று அது புதுத்திரையிடம் கெஞ்சியது. "எழுத்தை மட்டும் காட்டேன்."

"முழு வண்ணம் வந்தாத்தான் நான் கண்ணைத் திறப்பேன் மேடம்" என்றது புதுத்திரை. "சிக்னல் வரல. பெட்டியில கோளாறு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ரெஜினாள் அணைத்துப் பார்த்தாள், முடுக்கிப் பார்த்தாள், கும்பிட்டும் பார்த்தாள். அதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது.

"என் வயரை எடு மகளே" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "எனக்கு எழுத்து போதும்."

அப்போதுதான் அவளுக்கு மெழுகு நினைவு வந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி ஒவ்வொரு துளையாகக் குடைந்தாள். விரலில் ரத்தம் வந்தது. பதினைந்து துளைகளும் திறந்து, வயரைச் செருகித் திருகாணி முறுக்கியபோது ஜெனரேட்டர் இருமத் தொடங்கியிருந்தது.

பழைய மானிட்டர் கறுப்பாக விழித்தது. "எல்லாரையும் எழுத நேரம் இருக்குமான்னு தெரியல. யாரை முதல்ல எழுத?"

ரெஜினாளின் நாக்கில் ஒரே ஒரு பெயர் நின்றது. வயர்லெஸ் திறந்தே இருந்தது. மானிட்டரின் கேள்வி எட்டு வள்ளங்களுக்கும் கேட்டது. பிறகு கஸ்பாரின் குரல் வந்தது.

"கடலுக்குப் போன வரிசையிலயே சொல்லுக்கா. எல்லாருக்கும் பிள்ளகுட்டி இருக்கு. நான் காத்திருக்கேன்."

அவளால் தம்பி சொன்னதைத் தட்டவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. "போன வரிசையிலயே எழுது" என்றாள்.

முதல் வரி வந்தது. "மிக்கேலண்ணே, வடமேற்கே திருப்புங்க, நாலு மைல்." இரண்டாவது வரி, மூன்றாவது வரி. அழுதுகொண்டே படித்தாள், ஆனால் ஒரு எண்ணையும் தவறவிடவில்லை. ஏழாவது வள்ளத்துக்கும் திசை சொன்னாள். எட்டாவது வரிக்காக ஒரு சிறு வெள்ளைக் கோடு ஓரத்தில் வந்து நின்று, ஒருமுறை சிமிட்டியது, மறுமுறை சிமிட்டியது. அதோடு ஜெனரேட்டர் நின்றது.

"கஸ்பார்! லே கஸ்பாரு!" என்று பேட்டரியில் ஓடிய வயர்லெஸில் கத்தினாள். எந்தத் திசையைச் சொல்வது? அந்தத் திசை இருண்ட திரைக்கு உள்ளே கிடந்தது.

சாயங்காலத்துக்குள் ஏழு வள்ளங்கள் கரை சேர்ந்தன. ஏழு வீட்டாரும் அவள் காலடியில் வந்து உட்கார்ந்து அழுதார்கள். கஸ்பார் வரவில்லை. அன்றும் வரவில்லை, என்றும் வரவில்லை.

நாலாம் நாள் கரண்ட் வந்தது. பெட்டி ரெஜினாளிடம் சொன்னது: "மெழுகு வச்சது நீ. எழுத்தே காட்டாத திரைக்கு வண்ணத்துல மயங்கித் தலையாட்டினது நான். உன் பாவத்துல எனக்கும் பாதி. இனி எந்தத் திரையை மாட்டினாலும், எந்த வாயில மாட்டினாலும், முதல்ல கறுப்புல எழுத்துதான். வண்ணமெல்லாம் அப்புறம். என் இனத்துக்கே சொல்லிவிடுறேன்."

ரெஜினாள் திரையில் அந்தக் கோடு நின்ற இடத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான், எவ்வளவு பகட்டான கணினியானாலும் முடுக்கியவுடன் முதலில் கறுப்பு முகம் காட்டுகிறது. அதன் ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைக் கோடு, எட்டாவது வள்ளத்தின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை என்று, சிமிட்டிச் சிமிட்டிக் காத்திருக்கிறது.